திரும்பத் திரும்பப் பார்ப்பவர்கள்

விஸ்கான்சின் மாநிலத்தின் தலைநகரமான மேடிசன், இரண்டு ஏரிகளுக்கு நடுவே ஒரு குறுகிய நிலத்துண்டின் மேல் அமைந்த ஊர். ஒரு பக்கம் மோனோனா, இன்னொரு பக்கம் மெண்டோட்டா. பெரியது மெண்டோட்டாதான். ஏறத்தாழ 40 சதுர கிலோமீட்டர் பரப்பு. மிக ஆழமான இடத்தில் 25 மீட்டர். அதன் தென்கரை நெடுக விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கட்டடங்கள். உலகிலேயே அதிகம் ஆராயப்பட்ட ஏரி எது என்று ஏரியியலாளர்களைக் கேட்டால், பலர் யோசிக்காமல் இந்தப் பெயரைத்தான் சொல்வார்கள்.

2000-ஆம் ஆண்டு முதல் மாணவர்கள் படகில் ஏரியின் நடுப்பகுதிக்குப் போய், 12 மீட்டர் நீளக் குழாயைச் செங்குத்தாக இறக்கி, மேல்மட்டம் முதல் அந்த ஆழம் வரையிலான தண்ணீரை ஒன்றாகக் கலந்து எடுத்து வருகிறார்கள். அந்தத் தண்ணீர் 0.2 மைக்ரோமீட்டர் துளைகள் கொண்ட வடிதாள் வழியாகச் செல்லும். தாளில் தங்கும் பாக்டீரியாக்கள் மைனஸ் 80 டிகிரி உறைபெட்டிக்குப் போகும். எடுத்து வருபவர் படிப்பை முடித்து ஊரைவிட்டுப் போவார், அடுத்தவர் வருவார். குழாய் இறங்குவது மட்டும் நிற்பதில்லை.

இதே பல்கலைக்கழகம்தான் தியானம் செய்பவர்களின் மூளையை ஆராய்வதில் உலகப் புகழ் பெற்றது. ஓர் அறிவியலாளர் நன்னீர் நுண்ணுயிர்ச் சூழலியலையும் ‘மைண்ட்ஃபுல்னெஸ்’ எனப்படும் விழிப்புநிலைப் பயிற்சியையும் தன் இரண்டு துறைகள் என்று எழுதிக்கொண்டால், வயதான காலத்தில் ஆன்மிகப் பக்கம் சாய்ந்துவிட்டார் என்றுதான் நமக்குத் தோன்றும். மேடிசன் ஏரிக்கரையில் நின்று பார்த்தால் அப்படித் தோன்றாது. கண்ணுக்குப் பிடிபடாத, ஓயாமல் மாறுகிற, ஆய்வகத்துக்குள் கொண்டுவந்ததும் இயல்பை இழந்துவிடுகிற ஒன்றை எப்படிப் பார்ப்பது என்பதுதான் இரண்டு துறைக்கும் உள்ள சிக்கல். அந்தச் சிக்கலோடு ஏரிக்காரர்கள் நூறாண்டுக்கு மேல் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். மனத்துக்காரர்கள் அண்மையில்தான் தொடங்கினார்கள்.

ஏரிக்காரர்களில் ஒருவரான எட்வர்ட் பர்ஜ் மேடிசனுக்கு வந்தது 1875-ல். அவருடைய தொடக்க கால ஆர்வம் நீர்த்தெள்ளுகள் என்னும் சின்னஞ்சிறு ஓட்டுடலிகள் மீது. அவை ஏரியில் எந்த ஆழத்தில் எப்போது இருக்கின்றன என்று கணக்கெடுக்கப் போனவர், ஆழத்துக்கு ஆழம் வெப்பநிலை எப்படி மாறுகிறது என்பதில் சிக்கிக்கொண்டார். கோடையில் மேலே வெதுவெதுப்பான நீர், கீழே குளிர்ந்த நீர், இடையில் வெப்பம் சட்டென்று விழும் ஒரு மெல்லிய அடுக்கு. ‘தெர்மோக்ளைன்’ என்று அந்த அடுக்குக்கு அவர் வைத்த பெயர் இன்று கடலியல் பாடநூல்களிலும் இருக்கிறது. 1900-ல் சான்சி ஜூடே வந்து சேர்ந்தார். இருவரும் மாநிலத்தின் நூற்றுக்கணக்கான ஏரிகளை அளந்தார்கள். நடுவில் 1918 முதல் 1925 வரை பர்ஜ் பல்கலைக்கழகத் தலைவராகவும் இருந்தார். பதவி முடிந்ததும் மறுபடி ஏரிக்கே திரும்பினார்.

மெண்டோட்டா எந்த நாளில் உறைகிறது, எந்த நாளில் உருகுகிறது என்ற பதிவு 1850-களிலிருந்து இருக்கிறது. உறைந்துவிட்டது என்று எப்படித் தீர்மானிப்பது? பிக்னிக் பாயிண்ட் என்னும் முனையிலிருந்து எதிரே மேப்பிள் பிளஃப் வரை படகு வலிக்க முடிகிறதா என்று பார்ப்பது பழைய வழக்கம். பர்ஜும் ஜூடேயும் அக்கரையில் இருந்த நண்பருக்கு ஒரு பெட்டி பீர் கொண்டுபோவார்களாம், விதி அங்கிருந்து வந்ததாம் என்று மாநிலக் காலநிலை அலுவலகத்தினர் ஒரு கதை சொல்வதுண்டு. கதை எப்படியோ, அதே விதியை விடாமல் பிடித்துக்கொண்டதால்தான் அந்தப் பதிவுக்கு இன்று மதிப்பு. 19-ஆம் நூற்றாண்டில் ஏரி ஆண்டுக்கு ஏறத்தாழ நான்கு மாதம் உறைந்து கிடந்தது. 2001-02 குளிர்காலத்தில் 21 நாள்தான். அந்த ஒரு குளிர்காலத்தை மட்டும் பார்த்தவருக்கு அது ஒரு விசித்திரம், அவ்வளவுதான். ஒன்றரை நூற்றாண்டுப் பட்டியலோடு பார்ப்பவருக்கு அது ஒரு போக்கின் பகுதி.

பனியைக் கண்ணால் பார்க்கலாம். பாக்டீரியாவுக்கு வேறு வித்தை வேண்டும். ஒரு மில்லிலிட்டர் ஏரித் தண்ணீரைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் பத்து லட்சம் செல்கள் அளவில் தெரியும். அதே தண்ணீரை ஊட்டக் கூழ் நிரப்பிய தட்டில் தடவி வளர்த்தால் நூற்றில் ஒன்றுகூட முளைப்பது அபூர்வம். ஜேம்ஸ் ஸ்டேலியும் ஆலன் கொனோப்காவும் 1985-ல் இந்த இடைவெளியைத் ‘தட்டு எண்ணிக்கை முரண்’ என்று குறிப்பிட்டார்கள். நூறாண்டுக் காலம் ‘ஏரி பாக்டீரியா’ என்று அறிவியல் எதை விவரித்துக்கொண்டிருந்ததோ அது பெரும்பாலும் தட்டில் வளர ஒப்புக்கொண்ட சிறுபான்மை. எனக்கு இது வேடிக்கையாகவும் சற்று அச்சமாகவும் இருக்கிறது. ஆராய்ச்சியாளர்கள் கவனக்குறைவாக இருக்கவில்லை. கவனமாக, நேர்மையாக, தவறான கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

1990-களில் தண்ணீரிலிருந்து நேரடியாக டிஎன்ஏ எடுத்துப் படிக்கும் முறை பரவியதும், அதுவரை தட்டில் தலைகாட்டாத ஒரு குலம் ஏரிக்கு ஏரி தட்டுப்பட்டது. ஆய்வாளர்கள் அதை ‘ஏசி-1’ என்று அழைத்தார்கள். கேட்டால் குளிர்சாதனப் பெட்டி ரகம் என்று நினைப்போம். ஆனால் உலகின் நன்னீர் ஏரிகளில் மிகுதியாக இருக்கும் பாக்டீரியாக்களுள் இதுவும் ஒன்று. சில ஏரிகளின் மேல்மட்ட நீரில் பாதிக்கு மேல் இவைதான். உருவத்தில் மிகச் சிறியவை. நம் குடலில் வாழும் ஈ. கோலையின் மரபணுத்தொகுதியில் 46 லட்சம் எழுத்துகள் என்றால், இவற்றில் 12 முதல் 14 லட்சம்தான். தங்களுக்கு வேண்டிய சில அமினோ அமிலங்களையும் வைட்டமின்களையும் தாங்களே செய்துகொள்ளும் திறனைக் கைவிட்டு, அக்கம்பக்கத்து நுண்ணுயிர்கள் கசியவிடுவதை நம்பிப் பிழைக்கின்றன. வெளிச்சத்தின் ஆற்றலைப் பிடிக்கும் ஒரு புரதமும் இவற்றிடம் உண்டு. இவற்றைத் தூய வளர்ப்பாகப் பராமரிக்க முடியாமல் பல ஆய்வகங்கள் திணறின. 2019-ல் தென்கொரியாவின் சோயாங் ஏரி நீரில் வேலை செய்த குழு ஒன்று காரணத்தைக் கண்டது: வளர்ப்பு நீரில் மிக நுணுக்கமான அளவில் உருவாகும் ஹைட்ரஜன் பெராக்சைடைக்கூட இவை தாங்குவதில்லை. அதைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதியைச் சேர்த்ததும் வளர்ந்தன. வளர்க்கத் தந்த கிண்ணமே நஞ்சாக இருந்திருக்கிறது.

இந்த ஏசி-1 குலத்தின் கதையில் மெண்டோட்டாவின் உறைபெட்டிக்குப் பெரிய பங்கு. அந்த ஏரியின் பாக்டீரியாக்களை நெடுங்காலமாகத் தொடர்ந்து வருபவர் பேராசிரியர் கேத்ரின் மக்மேஹன். சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையத்தில் பாஸ்பரஸை உள்ளே பதுக்கி வைக்கும் அக்யூமுலிபாக்டர் என்னும் பாக்டீரியாவை ஆராய்ந்தவர். மெண்டோட்டாவின் பாசிப் பெருக்கத்துக்கும் பாஸ்பரஸே காரணம் என்பதால் இரண்டு ஆராய்ச்சிக்கும் உறவு உண்டு. 20 ஆண்டுகளில் சேர்ந்த மாதிரிகளில் 471-ஐ எடுத்து, அவற்றிலிருந்த டிஎன்ஏ முழுவதையும் படித்து, ராபின் ரோவர் முதலானோர் 2025 ஜனவரியில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 2,855 இனங்களின் மரபணுத்தொகுதிகள் அதில் தேறின. நூற்றுக்கு எண்பது இனங்களில், இனத்துக்குள் இருக்கும் வகைகளின் கலவை பருவத்தோடு சுழன்றது. திருவிழாவுக்குத் திருவிழா அதே இடத்தில் கடை போடும் வளையல்காரரைப் போல, சென்ற ஆண்டு இதே மாதத்தில் இருந்த கலவை இந்த ஆண்டும் வந்து நிற்கும். வந்திருப்பவர் அவர் மகனாகவோ பேரனாகவோ இருக்கலாம். பாக்டீரியாவுக்கு ஓராண்டு என்பது எத்தனையோ தலைமுறை. இருபது விழுக்காட்டு இனங்களில் கலவை பத்தாண்டுக் கணக்கிலும் நகர்ந்தது.

2012 இந்த ஆய்வில் தனித்து நிற்கிறது. அந்த ஆண்டு வெப்பமும் வறட்சியும் வழக்கத்துக்கு மாறாக இருந்தன. ஏசி-1 குலத்தில் வகைகளின் கலவை மாறியது அதே சமயத்தில். அமினோ அமிலங்களையும் நியூக்ளிக் அமிலங்களையும் கையாளும் மரபணுக்கள் மீது இயற்கைத் தேர்வு வேலை செய்த தடயமும் கிடைத்தது. ஏரியில் கரைந்திருக்கும் கரிம நைட்ரஜன் மாறியதால் இப்படி நேர்ந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். 2012-ல் குழாயை இறக்கியவர் யாரும் இதைப் பார்க்கவில்லை, பார்த்திருக்கவும் முடியாது. முன்னும் பின்னும் பல ஆண்டுகள் இருந்ததால்தான் அது தெரிந்தது. முள்வால் நீர்த்தெள்ளு என்ற அயல் உயிரினம் 2009-ல் அந்த ஏரியில் கண்டறியப்பட்ட பின் நேர்ந்ததும் அப்படித்தான் தெரிந்தது. அந்த அயல் உயிரினம் பாசி மேயும் டாஃப்னியா என்னும் நீர்த்தெள்ளுகளைத் தின்றது. நீரின் தெளிவு ஏறத்தாழ ஒரு மீட்டர் குறைந்தது. நீலப்பச்சை பாக்டீரியாக்களின் பருவம் ஆண்டில் முன்னால் நகர்ந்தது. இந்தக் கடைசித் தகவல் உறைபெட்டியிலிருந்து வந்தது. 2000-ல் மாதிரி எடுத்தவர்களிடம் இதைப் படிக்கும் கருவி இல்லை. கருவி பின்னால் வந்தது, தண்ணீர் காத்திருந்தது.

ஏரிக்காரர்கள் கற்ற இன்னொரு பாடம் ஏரியியலாளர் ஆர்தர் ஹேஸ்லரிடமிருந்து. ஓர் ஏரியில் ஏதோ செய்தோம், ஏதோ மாறியது என்றால், செய்ததால் மாறியதா, அந்த ஆண்டின் வெயிலால் மாறியதா? மெண்டோட்டாவுக்கு இரட்டைப்பிறவி கிடையாது. 1951-ல் ஹேஸ்லர், மிச்சிகன் எல்லையருகே மணல்கடிகாரம் போல் இடுப்பு குறுகிய ஓர் ஏரியின் குறுக்கே மண் கரை எழுப்பி இரண்டாகப் பிரித்தார். ஒன்றுக்குப் பீட்டர் என்று பெயர், மற்றதற்குப் பால். பீட்டர் ஏரியில் சுண்ணாம்பு கொட்டினார்; பால் ஏரியைத் தொடவில்லை. வெயில் இரண்டுக்கும் ஒன்று, மழை இரண்டுக்கும் ஒன்று. வேறுபாடு வந்தால் அது சுண்ணாம்பினால். முழு ஏரியையே சோதனைக் குழாயாக்கும் மரபு உலகெங்கும் அங்கிருந்து பரவியது.

இனி மனத்தின் பக்கம்.

ரிச்சர்ட் டேவிட்சன் 1974-ல் ஹார்வர்டில் மாணவர். தியானத்தை ஆராய விரும்பி, சில மாதங்கள் ஆசியாவுக்குப் புறப்பட்டார். இலங்கையில் கண்டியில் நண்பர் டேனியல் கோல்மனின் குடும்பம் தங்கியிருந்தது. அங்கே இருந்துவிட்டு, இமயமலை அடிவாரத்து டல்ஹவுசியில் தியான ஆசிரியர் கோயங்கா நடத்திய விபாசனா முகாமில் உட்கார்ந்தார். திரும்பி வந்தபின் இந்த ஆசையைத் தொடர்ந்தால் வேலை கிடைக்காது என்ற அறிவுரைதான் கிடைத்தது. அதனால் உணர்ச்சிகளின் மூளை அடிப்படையை ஆராய்ந்து பெயர் வாங்கி, 1984-ல் மேடிசனுக்கு வந்தார். அவர் வருவதற்கு முன்பே ஊரில் பௌத்தம் இருந்தது. திபெத்திய அறிஞர் கெஷே லுந்துப் சோபா 1967 முதல் அதே பல்கலைக்கழகத்தில் கற்பித்து வந்தார். 1981-ல் தலாய் லாமா மேற்குலகில் முதன்முறையாகக் காலசக்கர தீட்சை அளித்ததும் மேடிசனுக்கு அருகில்தான்.

1992-ல் தலாய் லாமா டேவிட்சனிடம் கேட்ட கேள்வி புகழ்பெற்றது: பதற்றத்தையும் மனச்சோர்வையும் ஆராயும் கருவிகளைக் கொண்டு கருணையை ஏன் ஆராயக் கூடாது? அதன்பின் டேவிட்சன் தன் ஆர்வத்தை மறைக்கவில்லை. ஆனால் ஆய்வுக்கு ஒரு பயிற்சிமுறை வேண்டும். இன்னாருக்கு இத்தனை வாரம் இதைக் கற்பித்தோம் என்று சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். அது பாக்டீரியா ஆய்வகத்திலிருந்து வந்த ஒருவரிடம் இருந்தது.

ஜான் கபாட்-ஜின் 1971-ல் எம்ஐடியில் மூலக்கூறு உயிரியலில் முனைவர் பட்டம் பெற்றவர். வழிகாட்டி சால்வடோர் லூரியா, 1969-ல் நோபல் பரிசு பெற்றவர். லூரியாவின் 1943 சோதனையைச் சொல்லாமல் தாண்டக் கூடாது. பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ்களைப் பொழிந்தால் சில பாக்டீரியாக்கள் தப்பிவிடுகின்றன. வைரஸைச் சந்தித்த பிறகு எதிர்ப்புச் சக்தி பெற்றதாலா, அல்லது தற்செயலாக முன்பே மாறியிருந்ததாலா? இண்டியானாவில் ஒரு விருந்தில், சக ஊழியர் காசு போட்டு விளையாடும் சூதாட்ட இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது லூரியாவுக்கு வழி பிறந்தது. பல தனித்தனிக் குழாய்களில் பாக்டீரியாவை வளர்த்துப் பிறகு வைரஸ் பொழிய வேண்டும். சந்தித்த பிறகுதான் மாற்றம் என்றால் எல்லாக் குழாயிலும் ஏறத்தாழ ஒரே அளவில் தப்பும். முன்பே என்றால் பல குழாய்களில் ஒன்றுமில்லாமலும் ஒன்றிரண்டில் கொட்டோ கொட்டென்றும் இருக்கும். இரண்டாவதுதான் நடந்தது. அவருடைய கூட்டாளி மாக்ஸ் டெல்புரூக் கணக்கை அமைத்துக் கொடுத்தார். சராசரியை மட்டும் எடுத்திருந்தால் கண்டுபிடிப்பே இல்லை. குழாய்க்குக் குழாய் இருந்த ஏற்றத்தாழ்வில்தான் விடை இருந்தது.

அந்த ஆய்வகத்தில் பயின்ற காலத்திலேயே தியானத்தில் இறங்கிய கபாட்-ஜின், 1979-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஒரு சிகிச்சையகம் தொடங்கினார். வேறு எந்த மருத்துவத்துக்கும் மசியாத நாட்பட்ட வலிக்காரர்கள் அனுப்பப்பட்டார்கள். மூச்சைக் கவனித்தல், உடலைக் கால்விரல் முதல் தலை வரை மனத்தால் தொட்டு வருதல், எளிய யோகாசனங்கள். வலியை விரட்டச் சொல்லவில்லை, அது எங்கே, எப்படி, எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பார்க்கச் சொன்னார். 1982-ல் வந்த முதல் ஆய்வில் 51 நோயாளிகள். அவர்களில் 65 விழுக்காட்டினருக்கு வலி மதிப்பெண் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைந்தது. தொடக்க ஆய்வுக்கு இது போதும். ஆனால் பக்கத்தில் பால் ஏரி இல்லை. வலிக்காரர்கள் எதுவும் செய்யாமலும் சில வாரங்களில் தேறுவதுண்டு. அக்கறையோடு கேட்கும் ஒரு குழுவில் உட்கார்ந்தாலும் தேறுவதுண்டு.

டேவிட்சனும் கபாட்-ஜின்னும் சேர்ந்து செய்த ஆய்வு 2003-ல் வெளியானது. பயிற்சி பெற்றவர்கள் மேடிசன் பகுதியிலிருந்த ப்ரொமேகா நிறுவனத்து ஊழியர்கள். டிஎன்ஏ ஆய்வுக்கான நொதிகளைத் தயாரிக்கும் நிறுவனம் அது. கபாட்-ஜின் நேரில் வந்து எட்டு வாரம் கற்பித்தார். முடிவில் எல்லோருக்கும் ஃப்ளூ தடுப்பூசி. தியானம் கற்ற 25 பேருக்கு, காத்திருப்புப் பட்டியலில் இருந்த 16 பேரைவிட எதிர்ப்பான்கள் கூடுதலாகச் சுரந்தன. மூளையின் முன்பகுதியில் இடப்பக்கச் செயல்பாடும் கூடியது. 2011-ல் பாஸ்டனிலிருந்து இன்னொரு செய்தி: எட்டு வாரப் பயிற்சியில் மூளையின் சாம்பல்நிறப் பொருளே அடர்த்தியாகிறது. பயிற்சி பெற்றோர் 16 பேர், ஒப்பீட்டுக்கு 17 பேர். பத்திரிகைகள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடின. எட்டு வாரத்தில் மூளையைச் செதுக்கலாம் என்று செயலிகள் விற்றன.

என் குறை அங்கேதான். 16 பேர், எட்டு வாரம் என்பது ஏரியில் ஒரு கோடைக்குள் இரண்டு முறை குழாய் இறக்குவது. அதை வைத்து மெண்டோட்டாவின் வரலாற்றை எழுத எந்த ஏரியியலாளரும் துணியமாட்டார். மனத்தைப் பற்றி எழுதத் துணிந்தார்கள். நல்ல வேளையாக, திருத்தியவர்களும் அதே ஊர்க்காரர்கள். உடற்பயிற்சி, உணவு, இசை இவற்றை வைத்து, அதே எட்டு வாரம், அதே அளவு ஆசிரியர் கவனிப்போடு, தியானம் மட்டும் இல்லாத ஒரு பயிற்சியை மேடிசன் குழு வடிவமைத்தது. இதுதான் அவர்களுடைய பால் ஏரி. 2012-ல் வந்த ஒப்பீட்டில், தாங்களே மதிப்பிட்டுச் சொன்ன பதற்றமும் துயரமும் இரண்டு குழுவிலும் குறைந்தன. தியானக் குழு பெரிதாக முந்தவில்லை. 2022-ல், 218 பேரை வைத்து நடந்த இரண்டு சோதனைகளை ஒன்றாக்கிப் பார்த்து, எட்டு வாரப் பயிற்சியால் மூளையின் கட்டமைப்பு மாறியதற்குச் சான்றில்லை என்று டேவிட்சனின் குழுவே எழுதியது. தங்கள் துறையின் மிகப் பிரபலமான செய்தியைத் தாங்களே மறுத்தார்கள். செயலிகளின் விளம்பரங்களில் இது இடம்பெறக் காணோம்.

பயிற்சியே வீண் என்று இதற்குப் பொருளில்லை. அதே 2022-ல் வெளிவந்த வேறொரு சோதனையில் பதற்றக் கோளாறு உள்ள 276 பேரில் ஒரு பாதிக்கு எஸ்சிட்டலோபிராம் மாத்திரையும் மறுபாதிக்கு எட்டு வாரத் தியானமும் தரப்பட்டன. தியானம் மாத்திரைக்குச் சளைக்கவில்லை. ஆக, சிலருக்குப் பயன் இருக்கிறது, மூளை உருவம் மாறாமலே இருக்கிறது. யாருக்குப் பயன், யாருக்கு இல்லை, யாருக்குத் தொல்லை என்பது குழாய்க்குக் குழாய் எண்ணிப் பார்க்க வேண்டிய விஷயம். லூரியாவின் மாணவர் தொடங்கி வைத்த துறை இன்னும் சராசரிகளில்தான் அதிகம் பேசுகிறது.

ஏரிக்காரர்களின் வழிக்கு நெருங்கி வரும் ஆய்வு ஒன்று உண்டு, மேடிசனுக்கு வெளியே. கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்து கிளிஃபர்ட் சாரன் 2007-ல் 60 பேரைத் தேர்ந்தெடுத்தார். பாதிப் பேர் கொலராடோ மலைப் பகுதியில் மூன்று மாதம் முகாமிட்டுத் தியானம் செய்தார்கள். காத்திருந்த மறுபாதிக்குப் பின்னர் அதே முகாம். கவனத்தை அளக்கும் தேர்வில் முகாம்வாசிகள் மேம்பட்டார்கள். ஆய்வாளர்கள் அதோடு விடவில்லை. ஏழு ஆண்டுகள் கழித்தும் 40 பேரைத் தேடிப் பிடித்து அதே தேர்வை வைத்தார்கள். கிடைத்த முன்னேற்றத்தில் ஒரு பகுதி நிலைத்திருந்தது. அதற்கு மேல் வளரவில்லை. விடாமல் தியானம் செய்தவர்களிடம், வயதோடு வரும் கவனச் சரிவு குறைவாகத் தெரிந்தது. முகாம் எல்லோருக்கும் கிடைத்துவிட்டதால் பயிற்சியே பெறாத குழு என்று ஒன்று அந்த ஏழாம் ஆண்டில் மிஞ்சவில்லை. சரிவு குறைந்தது தியானத்தாலா, அல்லது சரிவு குறைவாக உள்ளவர்கள்தான் தியானத்தை விடாமல் பிடித்துக்கொள்கிறார்களா என்பதைப் பிரித்துச் சொல்ல இன்னொரு 60 பேரும் இன்னொரு ஏழு ஆண்டும் வேண்டும்.